தொண்டையில் இறங்காத கவளம்



கொள்ளேகால் மலைப்பக்கத்தில் உள்ளது மார்டள்ளி. கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. அதனால் அங்குள்ள தமிழர், இருந்த இடத்தில் இருந்தவாறே வேற்று மாநிலத்தவர் ஆயினர். மைசூர்ச் சீமையில் கேழ்வரகுக் களியை உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது வழக்கம். அத்தகைய வீட்டில் ஒரு பெண், "களி இறங்கவில்லை" என்று கூறினால், நாம் அதனை என்னவென்று கருதுகிறோம்? அடம் என்போம், அல்லது மனக்கலக்கம் என்போம். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியது.

1919-ஆம் ஆண்டில் பிரிட்டனில் பேட்டர்சன், பிரவுன் கெல்லி என்னும் இரு தொண்டை மருத்துவர்கள், நடுவயதுப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட விழுங்கற் குறையைத் தனித்தனியே விவரித்தனர். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையின் பிளம்மரும் வின்சனும் அத்தகைய நோயாளிகளைக் கண்டனர். ஆயினும் 1922-இல் வின்சன் எழுதிய கட்டுரை இதனை மனக்கோளாற்றின் விளைவென்றே தலைப்பிட்டது. பின்னர்க் கவனம் குருதியின்பால் திரும்பியது. 1939-இல் சுவீடன் நாட்டு வால்டன்ஸ்ட்ரோமும் கெல்பர்க்கும் இதற்கு, இரும்புக் குறைவால் வரும் விழுங்கற்கோளாறு எனப் பெயரிட்டனர்.

வாயின் உட்படலம் விரைவாகப் புதுப்பிக்கப்படுவது; அதற்கு இரும்பு வேண்டும். அது குறையும்போது நாவின் சிறு முகிழ்கள் தேய்ந்து நா வழவழப்பாகும், எரியும், கடைவாய் வெடிக்கும். சிலருக்கு உணவுக்குழாயின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வு தோன்றி, கெட்டியான கவளத்தைத் தடுக்கும்.

இதில் வியப்பு ஒன்று உண்டு. வெளுப்பு நோய்க்கு இரும்பு தருவது புதிதன்று. பாண்டு, சோகை என நம் சித்த மருத்துவர் கூறியவற்றுக்கு அயச்செந்தூரம் அளித்தனர். பிரான்சில் பிளோ என்பவர் 1832-இல் இரும்பு மாத்திரையை அறிமுகப்படுத்தினார். மருந்து முன்பே இருந்தது. தொண்டைக்கும் குருதிக்கும் உள்ள உறவே நெடுநாள் புலப்படவில்லை.

சவ்வு தோன்றும் அளவுக்கு முற்றிய நிலை இன்று அரிது. சோகையோ அரிதன்று. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகை உடையோர். 1970 முதலே நம் அரசு இரும்பு மாத்திரை வழங்கும் திட்டத்தை நடத்தி வருகிறது.

ஆதலின், விழுங்க இயலவில்லை என எவரேனும் கூறின், தாமதியாது மருத்துவரிடம் காட்டி இரத்தத்தைச் சோதிப்போம். இரும்பு தந்தால் பலருக்குக் குறை நீங்கும். சவ்வு தடித்திருப்பின் அதனை மருத்துவர் விரித்து அகற்றுவர். கவனியாது விடின் அவ்விடத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மிகும். உணவோடு நெல்லிக்கனியோ எலுமிச்சையோ சேர்ப்போம். உண்டவுடன் தேநீரும் காப்பியும் அருந்துவதைத் தவிர்ப்போம்.

அன்று அப்பெண்கள் கூறியது மெய்யே. நம் வீட்டில் எழும் அச்சொல்லையும் நாம் மெய்யென்றே கொள்வோம்.