அதிமானிட வீரரின் முன்னோர்: அமெரிக்கச் சித்திரக்கதைகளில் இரவலும் உரிமையும்

1938 ஆம் ஆண்டு யூன் மாதத் திகதியிடப்பட்டு ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ முதலாவது இதழிலே சுப்பர்மான் தோன்றினான். அவ்வாண்டையே அதிமானிட வீரர் பிறந்த ஆண்டாகக் கொள்வது வழக்கம். ஆயின், எந்தவோர் இலக்கியப் பாத்திரமும் வெற்றிடத்திலிருந்து தோன்றுவதில்லை. சித்திரக்கதை வீரருக்கும் முன்னோர் உளர். அவர்களை இனங்காண்பதோடு, பொதுவில் வழங்கிய ஒரு கதைமரபு தனியுடைமையாக மாறியபோது நிகழ்ந்தது யாது என்பதை நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுப்பர்மானைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ சுஸ்ரரும் 1914 இல் பிறந்தவர்கள். யூதக் குடியேறிகளின் புதல்வர்கள். ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகரிலே ஒன்றாகப் பயின்றவர்கள். மலிவான தாளில் அச்சாகிய கதைச் சஞ்சிகைகளே அவர்களது இலக்கியப் பள்ளியாக விளங்கின. அச்சஞ்சிகைகளில் 1912 இல் எட்கார் ரைஸ் பரோஸ் எழுதிய தொடர்கதையின் நாயகன் ஜோன் காட்டர் செவ்வாய்க் கிரகத்தை அடைகின்றான். அங்கு ஈர்ப்பு விசை குறைவாதலின் அவன் பெரும் பாய்ச்சல்கள் பாய வல்லவனாகின்றான். பிறிதொரு கிரகத்தவனாகிய சுப்பர்மான் பூமியிலே பெறும் வலிமைக்குப் பின்னர் அளிக்கப்பட்ட விளக்கம், இக்கற்பனையைத் தலைகீழாக்கியதேயாகும். தொடக்கத்தில் அவன் பறக்கவில்லை. காட்டரைப் போலப் பாய்ந்தான்.

1930 இல் பிலிப் வைலி வெளியிட்ட ‘கிளாடியேற்றர்’ நாவலை நோக்குமிடத்து ஒற்றுமை மேலும் நெருங்குகின்றது. அதன் நாயகன் ஹியூகோ டனர், விஞ்ஞானியான தந்தையின் பரிசோதனையாற் பெருவலிமை பெற்றவன். எறும்பின் வலிமையையும் வெட்டுக்கிளியின் பாய்ச்சலையும் எடுத்துக்காட்டி அவனது ஆற்றல் விளக்கப்படுகின்றது. அவ்விரு உவமைகளும் 1938 இன் முதலாவது இதழிலே சுப்பர்மானுக்கும் கூறப்படுகின்றன. 1933 இல் தோன்றிய டொக் சவேஜ் என்னும் சஞ்சிகை வீரனின் இயற்பெயர் கிளார்க். அவன் ‘வெண்கல மனிதன்’. சுப்பர்மான் ‘உருக்கு மனிதன்’. துருவப் பகுதியில் அவனுக்கிருந்த ‘தனிமைக் கோட்டை’ பிற்காலத்திலே பெயர் மாறாது சுப்பர்மானுக்கும் உரியதாயிற்று.

இரட்டை வாழ்வு என்னும் கூறு இன்னும் பழையது. பரொனெஸ் ஓர்ட்சியின் ‘ஸ்காலற் பிம்பேர்ணல்’ (நாவல், 1905), பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திற் பிரபுக்களைக் காப்பாற்றும் வீரனொருவனைச் சோம்பேறிச் செல்வந்தனாக உலகின்முன் நடமாடவிட்டது. 1919 இல் ஜோன்ஸ்ரன் மக்கலி படைத்த சொரோ அவ்வுத்தியை ஸ்பானியக் கலிபோர்ணியாவுக்குக் கொணர்ந்தான். 1920 இல் டக்ளஸ் பெயர்பாங்ஸ் நடித்த திரைப்படம் முகமூடியையும் கரிய உடையையும் மக்கள் மனத்திற் பதித்தது. 1939 மே மாதத்திற் பொப் கேன், பில் பிங்கர் ஆகியோரின் கூட்டில் உருவாகிய பட்மான் இம்மரபின் நேர் வாரிசு. அவனுடைய முதற் கதையோ, ‘ஷடோ’ என்னும் மர்ம வீரனைப் பற்றித் தியோடர் ரின்ஸ்லி 1936 இல் எழுதிய கதையொன்றின் நெருங்கிய தழுவலாகும். பிராங்க் மில்லர் 1986 இல் எழுதிய பட்மான் கதையிலே, பெற்றோர் கொலையுண்ட இரவில் அச்சிறுவன் பார்த்தது சொரோ திரைப்படமே எனக் காட்டப்படுகின்றது. கடன் கதைக்குள்ளேயே ஒப்புக்கொள்ளப்படுகின்றது எனலாம்.

இவற்றைக் களவென ஒதுக்குதல் வரலாற்று நோக்கு ஆகாது. வாய்மொழிக் காவியங்களை ஆராய்ந்த மில்மன் பரி, அல்பேட் லோட் ஆகியோர், பாணர் முன்னையோர் வகுத்த வாய்பாடுகளையும் நிகழ்ச்சிக் கூறுகளையும் கொண்டே கதை புனைந்தனர் எனக் காட்டியுள்ளனர். அவையோர் முன் தடையின்றிப் பாடவேண்டிய தேவை அதற்குக் காரணமாயிற்று. மலிவுச் சஞ்சிகை எழுத்தாளனுக்கு அவை இல்லை. ஆனால் இதழ் வெளிவரும் நாள் இருந்தது. ‘ஷடோ’ நாவல்களிற் பெரும்பாலானவற்றை எழுதிய வோல்ரர் கிப்சன் மாதத்துக்கு இரு நாவல்கள் எழுதிய காலமும் உண்டு. இத்தகைய உற்பத்தி நிலையில் இரவல் தவிர்க்கவியலாத தொழில்முறையாகும்.

இரவலைக் கொண்டு என்ன செய்யப்பட்டது என்பதே முக்கியமான வினா. டனர் தன் வலிமைக்கு உலகிற் பயன் காணாது அழிகின்றான். சுப்பர்மானோ முதலிரு ஆண்டுகளில் மனைவியை அடிக்கும் கணவனையும், பாதுகாப்பற்ற சுரங்கத்தை நடத்தும் முதலாளியையும் எதிர்கொள்கின்றான். பொருளாதார மந்தத்தில் வளர்ந்த இளைஞர் இருவர் பழைய வலிமைக்குப் புதிய சமூகக் கடமையொன்றை அளித்தனர். அவர்களது சொந்தப் பங்களிப்பு இதுவேயாகும்.

ஆயின் வெற்றி கிட்டியதும் மரபின் வாயில் மூடப்பட்டது. விக்டர் பொக்ஸ் என்னும் வெளியீட்டாளர் 1939 இல் ‘வொண்டர் மான்’ என்னும் வீரனை வெளியிட்டார். வரைந்தவர் வில் ஐஸ்னர். சுப்பர்மானின் உரிமையாளர் வழக்குத் தொடர்ந்தனர். சுப்பர்மானும் ஹேர்க்கியூலிஸ் முதலியோரின் வழிவந்தவனே என எதிர்த்தரப்பு வாதிட்டது. 1940 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், நன்மை செய்யும் பெருவலியோன் என்னும் பொதுக் கருத்து எவருக்கும் உடைமையன்று எனவும், குறித்த நிகழ்ச்சிகளும் சித்திரிப்பும் பிரதி செய்யப்பட்டமையே குற்றம் எனவும் தீர்த்தது. கருத்துக்கும் வெளிப்பாட்டுக்கும் இடையில் வரைந்த அக்கோடு நியாயமானதே. எனினும் அக்கோட்டைப் பிறருக்கு எதிராக நீட்டும் பொருள்வலிமை பெரிய நிறுவனங்களிடமே இருந்தது.

கப்டன் மாவலின் கதை இதற்குச் சான்று. போசெற் நிறுவனம் 1940 இல் வெளியிட்ட அவ்வீரன், சொலமன், ஹேர்க்கியூலிஸ், அற்லஸ், சூஸ், அக்கிலீஸ், மேர்க்கியூரி ஆகியோரின் பெயர் முதலெழுத்துக்களாலான மந்திரச் சொல்லைக் கூறி வலிமை பெறுபவன். தன் முன்னோரை வெளிப்படையாகவே பெயர் கூறி அழைத்த வீரன் அவன். சில ஆண்டுகளில் விற்பனையிற் சுப்பர்மானையும் விஞ்சினான். 1941 இல் தொடங்கிய வழக்கு, 1951 இல் மேன்முறையீட்டிற் போசெற்றுக்குப் பாதகமாகத் திரும்பியது. 1953 இல் அந்நிறுவனம் 400,000 டொலர் செலுத்தி அவ்வீரனை நிறுத்திக்கொண்டது. பின்னர், 1972 இல், வழக்காடிய நிறுவனமே அவனை வெளியிடும் உரிமையைப் பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

உரிமை காக்கப்பட்டது, படைத்தவர் காக்கப்பட்டனரா? சீகலும் சுஸ்ரரும் சுப்பர்மானின் உரிமை முழுவதையும் 1938 இல் 130 டொலருக்கு விற்றனர். 1947 இல் வழக்காடியும் அதனை மீட்க இயலவில்லை. அவர்களது பெயர்களும் இதழ்களிலிருந்து நீக்கப்பட்டன. பொதுமக்களின் கண்டனம் எழுந்த பின்னர், 1975 இலேயே ஆண்டுதோறும் உதவிப் பணமும் பெயர்க் குறிப்பும் கிட்டின. 1974 இல் மறைந்த பில் பிங்கருக்குப் பட்மானின் படைப்பிற் பங்குண்டு என்பது 2015 இலேயே முறைப்படி ஏற்கப்பட்டது.

எனவே, அதிமானிட வீரரின் வரலாற்றில் இருவகைக் கடன்கள் உள. படைப்பாளிகள் தம் முன்னோரிடம் பட்ட கடன் ஒன்று; புதிய படைப்பினால் அது தீர்க்கப்பட்டது. நிறுவனங்கள் படைப்பாளிகளிடம் பட்ட கடன் மற்றொன்று. அது காலந்தாழ்த்தியும் அரைகுறையாகவுமே தீர்ந்தது. முதலாவது சுப்பர்மான் இதழின் அமெரிக்கப் பதிப்புரிமை 2033 ஆம் ஆண்டின் இறுதியில் முடிவடையவுள்ளது. பொதுவிலிருந்து எடுக்கப்பட்டவன் அன்று பொதுவுக்கே மீள்வான். யார் யாரிடமிருந்து எடுத்தனர் என்பதோடு, எடுத்ததன் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதையும் வினவும்போதே இலக்கிய வரலாறு சமூக வரலாறாக நிறைவு பெறும்.