கெட்ட நாளுக்கு முன்கூட்டியே ஒரு கணக்கு



மாதந்தோறும் கூலியில் ஒரு தொகையை ஒதுக்கிக் காப்புறுதிக்குக் கட்டுகிறோம். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வரப்போகும் பணத்துக்கு இன்று நம் கையில் இருப்பது ஒரு பத்திரந்தான். அதிலுள்ள வாக்கை நிறுவனம் காப்பாற்றுமா? இந்தக் கேள்வி சிங்கப்பூரில் ஒரு முறை தெருவுக்கே வந்தது.

2008 செப்டம்பரில், ஃபின்லேசன் கிரீனில் இருந்த ஏஐஏ அலுவலகத்தின் முன் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். ஏஐஏ 1931 முதல் சிங்கப்பூரில் நடந்துவந்த நிறுவனம். அதன் தாய் நிறுவனமான அமெரிக்காவின் ஏஐஜி விழப்போகிறது என்ற செய்தி பரவியதும், பலர் பத்திரத்தை முறித்துப் பணத்தைத் திரும்பப் பெற வந்தார்கள்.

ஏஐஜிக்கு நேர்ந்தது என்ன? வீட்டுக்கடன்களை அடிப்படையாகக் கொண்ட கடன்பத்திரங்களுக்கு அது பெருந்தொகைக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. கடன்கள் வராமற்போனால் எவ்வளவு நட்டம் என்று கணக்குப் பார்த்தார்கள். ஆனால், பத்திரங்களின் விலை சரிந்தாலே உத்தரவாதம் பெற்றவர்கள் ஈட்டுப்பணம் கேட்பார்கள். அன்று கையில் ரொக்கம் இருக்குமா என்பதை அந்தக் கணக்குப் பார்க்கவில்லை. கடைசியில் அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்துத் தாங்க வேண்டியதாயிற்று.

சிங்கப்பூரில் காப்புறுதிதாரர்களின் பணத்தைச் சட்டப்படி தனி நிதியாக வைத்திருக்க வேண்டும். ஏஐஏயின் நிதியில் போதிய சொத்து இருக்கிறது, அவசரப்பட்டு முறிக்க வேண்டாம் என்று நாணய ஆணையம் அறிவித்தது. நடுவில் முறித்தால் கட்டியதைவிடக் குறைவாகவே கிடைக்கக்கூடும், பாதுகாப்பும் போய்விடும்.

கேட்க மறந்த கேள்விகளை முன்கூட்டியே கேட்பதற்குத்தான் 'நெருக்கடிச் சோதனை' என்று பெயர். நம் வீட்டுக் கணக்கையே பாருங்கள். அடைமழையால் பால்வெட்டு இல்லை, சமாளிக்கலாம். ரப்பர் விலை இறங்குகிறது, அதையும் சமாளிக்கலாம். வீட்டில் ஒருவர் நோயில் படுக்கிறார். மூன்றும் ஒரே மாதத்தில் வந்தால்? அதே சமயம் அடகுக்கு வைத்திருக்கும் நகையின் விலையும் இறங்கினால்?

நிறுவனத்துக்கும் சோதனையை இவ்விதமே அமைக்கிறார்கள். முதலில் வரக்கூடிய ஆபத்துகளைப் பட்டியலிடுவார்கள். தொற்றுநோயால் மரணங்கள் கூடலாம், பங்கு விலை விழலாம், வட்டி குறையலாம். பிறகு இவை சேர்ந்து வந்தால் மீதி என்ன என்று பார்ப்பார்கள். குறைவு தெரிந்தால், மூலதனத்தைக் கூட்டுவதா, புதிய வாக்குறுதிகளைக் குறைப்பதா என்று அன்றே தீர்மானிப்பார்கள். வட்டி குறைவதை லேசாக எண்ண முடியாது. அதிக வட்டிக்கு உறுதி கொடுத்துவிட்டு, வட்டி இறங்கியதும் தாங்க முடியாமல், 1997 முதல் 2001 வரை ஜப்பானில் ஏழு ஆயுள் காப்புறுதி நிறுவனங்கள் வீழ்ந்தன.

சிங்கப்பூரில் ஆபத்துக்கு ஏற்ற மூலதன விதி 2004இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்டது. 200 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய மோசமான ஆண்டையும் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு வேண்டும் என்பதே அதன் அளவுகோல். அதையும் மீறி நிறுவனம் வீழ்ந்தால், ஒரு வரம்பு வரை ஈடு தர 2011ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது.

ஆகவே, வதந்தியைக் கேட்டதும் பத்திரத்தை முறிக்க ஓடாதீர்கள். பணம் தனி நிதியில் உள்ளதா, மேற்பார்ப்பவர் யார், முறித்தால் கைக்கு வருவது எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கையும் ஒருநாள் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். மழை, விலை, நோய் மூன்றும் ஒன்றாக வந்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.