அரிச்சுவடி ஆசிரியருக்குத் திறந்த பல்கலைக்கழக வாசல்

மருத்துவராக விரும்புவோர் பல்கலைக்கழகப் பட்டம் பெற வேண்டும்; பொறியாளரும் வழக்கறிஞரும் அவ்வாறே. ஆனால், ஐந்து வயதுக் குழந்தையின் கைப்பிடித்து முதல் எழுத்தை எழுதச் செய்பவருக்குப் பல்கலைக்கழகக் கல்வி எதற்கு என்று வினவும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. அந்த எண்ணம் வேரூன்றியது எவ்வாறு, அதனை மாற்ற முனைந்தோர் யாவர் என்பதை நம் ஜமாஅத் பெருமக்களின் கவனத்திற்குக் கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையில் தொடங்கிய வரலாறு

1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் இயங்கிய ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் ஏற்றார். இந்நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். அது இங்கிலாந்து சென்று 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. குறைந்த செலவில் பலருக்கு எழுத்தறிவித்த முறை அது என்பதில் ஐயமில்லை. எனினும், சற்றே கூடுதலாகப் படித்த எவரும் சிறுவர்க்குக் கற்பித்துவிடலாம் என்னும் எண்ணத்திற்கும் அதுவே இடமளித்தது எனலாம்.

1854ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் கல்வி அறிக்கை, ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி தேவை என வலியுறுத்தியது. 1856இல் சென்னையில் அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. பிற்காலத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. அடுத்த ஆண்டு, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது.

பயிற்சிப் பள்ளியும் பல்கலைக்கழகமும் ஒரே நகரில், ஓராண்டு இடைவெளியில் பிறந்தும், தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குப் பல்கலைக்கழகம் எட்டாத இடமாகவே இருந்தது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு எல்.டி., பி.டி., பி.எட். எனப் பட்டங்கள் வந்தன. தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கோ கல்வித்துறை வழங்கும் பயிற்சிச் சான்றிதழே இறுதி எல்லையாயிற்று.

ஜாமியா காட்டிய வழி

இந்தப் பிரிவினையை ஏற்காத கல்விக்கூடம் ஒன்று நம் சமுதாயத்தவரின் முயற்சியால் எழுந்தது என்பது பெருமைக்குரியது. 1920இல் அலிகரில் தொடங்கி, 1925இல் டில்லிக்கு இடம்பெயர்ந்த ஜாமியா மில்லியா இஸ்லாமியாவே அது. பெர்லினில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய டாக்டர் ஜாகிர் ஹுசைன், 1926இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். தொடக்கப்பள்ளியும் கல்லூரியும் அங்கு ஒரே குடும்பமாக இயங்கின. 1935இல் ஓக்லாவில் புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியவர் ஆட்சியாளரோ செல்வரோ அல்லர். ஜாமியாவின் மிக இளைய மாணவரே ஆவார்.

1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு, ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுக்க அமைத்த குழுவிற்கு ஜாகிர் ஹுசைனே தலைவரானார். தாய்மொழியில், கைத்தொழிலோடு இணைந்த ஏழாண்டுக் கட்டாயக் கல்வியை அக்குழு பரிந்துரைத்தது. அதனைக் கற்பிக்கவல்ல ஆசிரியர் எங்கே என்ற வினாவிற்கு விடையாக, 1938இல் 'உஸ்தாதோன் கா மதரஸா' என்னும் ஆசிரியர் கல்லூரியை ஜாமியா தொடங்கியது. பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்பெருமகனார், சிறுவர்களுக்காகக் கதைகளும் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

பட்டமாக மலர்ந்த பயிற்சி

விடுதலைக்குப் பின் அமைந்த கோத்தாரி கல்விக்குழு (1964-66), ஆசிரியக் கல்வி பல்கலைக்கழக வாழ்விலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் தனித்து நிற்பதைப் பெருங்குறையாகச் சுட்டியது. 1983இல் சட்டோபாத்யாயா தலைமையில் அமைந்த தேசிய ஆசிரியர் ஆணையம், மேல்நிலைக் கல்விக்குப் பின் நான்காண்டுப் பயிற்சியே சிறந்தது எனக் கூறியது.

இக்கருத்து 1994இல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் வடிவம் பெற்றது. அங்குள்ள மத்தியக் கல்வி நிறுவனத்தின், மௌலானா ஆசாத் பெயர் தாங்கிய மையம் உருவாக்கிய 'பி.எல்.எட்.' என்னும் தொடக்கக் கல்வி இளநிலைப் பட்டம் அவ்வாண்டு தொடங்கப்பெற்றது. நான்காண்டுப் படிப்பான இதில் பாட அறிவு, குழந்தை வளர்ச்சி, மொழி, நாடகம், கைவினை ஆகியவை இடம்பெற்றன. இறுதி ஆண்டில் மாணவியர் பல வாரங்கள் பள்ளியிலேயே இருந்து கற்பித்தனர். மகளிர் கல்லூரிகளிலேயே இப்படிப்பு நடைபெற்றது என்பதை நம் பெற்றோர் கருத்தில் கொள்ளுதல் நன்று.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமே ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்றது. அதன்படி 2023-24 கல்வியாண்டிற்கு 57 நிறுவனங்களில் ஐ.டி.இ.பி. என்னும் படிப்பு அறிவிக்கப்பெற்றது. டில்லியில் சில கல்லூரிகளில் பி.எல்.எட். படிப்பின் இடத்தை இதுவே எடுத்துக்கொண்டது. இதற்கான தேசிய நுழைவுத்தேர்வைத் தமிழிலும் எழுத இயலும். தமிழ்நாட்டிலோ, மேல்நிலைக் கல்விக்குப் பின் இரண்டாண்டுப் பட்டயமும், அதன்பின் ஆசிரியர் தகுதித் தேர்வுமே நன்கு அறியப்பட்ட பாதையாக இருந்து வருகிறது.

நாம் சிந்திக்க வேண்டியது

2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. பி.எட். பட்டம் பெற்றோரைத் தொடக்க வகுப்புகளுக்குத் தகுதியுடையோராகக் கொள்ள இயலாது என்று அது கூறியது. பெரிய வகுப்பிற்குக் கற்பிக்கத் தெரிந்தவர் சிறிய வகுப்பிற்கும் தாமாகவே தகுதி பெற்றுவிடுவார் என்னும் பழைய எண்ணம் இதனால் தகர்ந்தது. குழந்தைக்குக் கற்பித்தல் தனியொரு கலை. அதற்கெனத் தனிக்கல்வி உண்டு.

இதனை நாம் நம் இல்லங்களில் உணர்ந்திருக்கின்றோமா? நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை தொடக்கப்பள்ளி ஆசிரியராக விரும்பினால், "இதற்கா இவ்வளவு படித்தாய்?" என்று கேட்போர் இன்றும் உளர். வேறு இடம் கிடைக்காதவர்க்கே உரியது எனப் பயிற்சிப் படிப்பை ஒதுக்கிவிட்டு, நம் குழந்தைகளுக்கு நல்லாசிரியர் அமையவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

எனவே, மேல்நிலைத் தேர்வெழுதும் பிள்ளைகளின் பெற்றோர், பட்டயம், நான்காண்டுப் பட்டம் ஆகிய இரு வழிகளையும் ஒப்பிட்டு அறிதல் வேண்டும். எந்த வகுப்புகளுக்கு அத்தகுதி செல்லும், நிறுவனம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் ஏற்பு பெற்றதா என்பவற்றைச் சேர்க்கைக்கு முன்பே உறுதிசெய்தல் வேண்டும். பி.எட். முடித்தால் எந்த வகுப்பிற்கும் செல்லலாம் என்னும் நம்பிக்கையில் ஆண்டுகளையும் பொருளையும் செலவிட்டபின் வருந்துவதைத் தவிர்க்க இதுவே வழியாகும்.

முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் தொடக்கக் கல்விக்காகத் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை அளித்தார். அவர் மதித்த அப்பணியை நம் பிள்ளைகள் விரும்பி ஏற்க முன்வரும்போது, தடை சொல்லாது வாழ்த்தி அனுப்புவது நம் கடமையாகும்.