கோஷாவின் இருளும் வெயிலின் கொடையும்

சமணக் காஞ்சி எனப் பெயர் பெற்ற திருப்பருத்திக்குன்றத்தை விட்டுக் காஞ்சியின் நெசவுத் தெருக்களில் புகுவோமானால், விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவு நீட்டும் காட்சியைக் காண்போம். வெயில் ஏறியதும் வேலை வீட்டுக்குள் போய்விடும். குழியிலே கால், நாடாவிலே கை, கூரையின் கீழே உடல்! பட்டின் நிறத்தைக் காக்க நிழல் வேண்டும் என்பர். நெய்பவரின் எலும்பைக் காக்க எது வேண்டும் என்று கேட்டவர் எத்தனை பேர்?

கொலஸ்ட்ரால் என்றதும் மாரடைப்பை எண்ணி மிரள்கிறோம். ஆனால் அது உடலின் ஓயாத உழைப்பாளி. பித்தக்கல்லிலே முதலில் காணப்பட்டதால் பித்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. ஆண்மை, பெண்மை ஹார்மோன்களும், அட்ரீனல் சுரப்பி தரும் கார்ட்டிசாலும், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களும் அதிலிருந்தே பிறக்கின்றன. அதன் உடன்பிறப்பு ஒன்று நம் தோலில் உறைகிறது. 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்பது அதன் பெயர். கதிரவனின் புறஊதாக் கதிர் பட்டதும் அதன் வளையங்களுள் ஒன்று திறந்துகொள்கிறது. உடற்சூட்டில் அது வைட்டமின் டி ஆகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்திய பின்னரே, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் நன்கு ஏற்கிறது. வெயில் இல்லையேல், உணவிலும் அச்சத்து இல்லையேல், குழந்தையின் கால் வளைகிறது. தாயின் இடுப்பெலும்பு உருக்குலைந்து மகப்பேறே மரணப் போராட்டமாகிறது.

இந்த உண்மையைக் கண்ட வரலாற்றிலே நம் நாட்டுக்கும் பங்குண்டு. பம்பாய் மாகாணத்து நாசிக்கில் ஹட்சிசன், ஷா என்னும் இரு மருத்துவர்கள் ஆராய்ந்து 1922-இல் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். எலும்பு மெலியும் நோய் யாரைத் தாக்கியது? கூழுக்கு அலைந்த ஏழையையா? இல்லை! உணவிலே குறைவில்லாத, கோஷாவைக் காத்த முஸ்லிம் இல்லங்களிலும் மேல்சாதி இந்து இல்லங்களிலுமே அது குடியிருந்தது. வயலிலே வேலை செய்த ஏழைத் தாயின் குழந்தை, உண்ட உணவு மட்டமானதாயினும், வெயிலிலே கிடந்து தப்பியது. கௌரவம் என்று எதைப் போற்றினார்களோ, அதுவே எலும்பை அரித்தது!

ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் விண்டாஸ், ஸ்டெரால்களுக்கும் வைட்டமின்களுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1928-இல் நோபல் பரிசு பெற்றார். தோலில் உறையும் அந்தப் பொருளின் வேதியியல் 1930-களில் அவர் ஆய்வுக்கூடத்தில்தான் தெளிந்தது. நாசிக்கின் கண்கள் கண்டதற்குக் கெட்டிங்கனின் குடுவை காரணம் சொல்லிற்று.

கோஷா வடநாட்டுச் சங்கதி என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சென்னையில் 1885-இல் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தோன்றியபோது அதன் பெயரிலேயே சாதியும் கோஷாவும் அமர்ந்திருந்தன! இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்குவது அதுவே. பெண் மருத்துவரைத் தந்த அந்த ஏற்பாட்டால் பிழைத்தவர் பலர். அதை மறுப்பது நன்றியன்று. ஆயினும் மருந்து திரைக்குள் சென்றதேயொழிய, திரை கிழியவில்லை.

இன்றோ வேறொரு திரை. வெயில் கொளுத்தும் தென்னாட்டிலும் வைட்டமின் டி குறைந்தோர் மிகப் பலர் என ஆய்வுகள் காட்டுகின்றன. நம் கரிய தோல் கடும் வெயிலைத் தாங்கும் கவசம்; அதனாலேயே இச்சத்தை ஆக்க அதற்குச் சற்றே கூடுதல் நேரம் வேண்டும். பாவு நீட்டும் விடியற்கதிரிலோ புறஊதாக் கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தினும் குறுகும் வேளையே பயனுள்ள வேளை.

நம் வகுப்பிலே நெசவாளர் வீட்டுப் பெண்ணொருத்தி, பூப்பெய்தியதும் மூலையில் அமர்த்தப்பட்டுப் பதினாறு நாள் பள்ளிக்கு வரவில்லை. மீண்டு வந்தவள் விளையாட்டு வேளையில் வேப்பமரத்தடியை விட்டு நகர மறுத்தாள். “கறுத்துப் போனால் மாப்பிள்ளை கிடைக்காதென்று பாட்டி சொல்கிறாள், ஐயா” என்றாள். சென்ற வாரம் மாணவிகளெல்லாம் முற்றத்தில் நின்று தத்தம் நிழலை அடிக்கோலால் அளந்தனர். கோலின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது, அவளும் வந்தாள்.