ஏலத்தொகையும் ஊதியமும்: மகளிர் தொழில்முறை லீக் குறித்துப் பெங்களூருவை முன்வைத்து ஓர் ஆய்வு

மகளிர் விளையாட்டில் லீக் ஒன்று தொடங்கிவிட்டால் அந்த விளையாட்டே தொழில்முறை ஆகிவிட்டதாகக் கொள்வது வழக்கம். அணிகள் ஏலம் போன தொகையைச் சான்றாகக் காட்டுவார்கள். அந்தத் தொகை உரிமையாளரின் எதிர்பார்ப்பை மட்டுமே அளக்கிறது. லீக் நடக்காத மாதங்களில் வீராங்கனையின் பிழைப்புக்கு வழி உண்டா என்பதே தொழில்முறைக்கு உரைகல் என்பது இக்கட்டுரையின் வாதம். அமெரிக்க சாஃப்ட்பாலையும் பெங்களூருவின் மகளிர் கிரிக்கெட்டையும் ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

1. சாஃப்ட்பால் தரும் பாடம்

டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங், சாஃப்ட்பால் பந்துவீச்சாளர் ஜோன் ஜாய்ஸ் முதலானோர் முன்னின்று தொடங்கிய மகளிர் தொழில்முறை சாஃப்ட்பால் லீக் 1976இல் களம் கண்டது. நான்கு பருவங்களிலும் கனெக்டிகட் ஃபால்கன்ஸ் அணியே பட்டம் வென்றது. 1979உடன் லீக் முடிந்துபோனது. 2004இல் வந்த நேஷனல் ப்ரோ ஃபாஸ்ட்பிட்ச், கொரோனாவால் இரண்டு பருவங்கள் ரத்தானதும் 2021இல் கலைந்தது. பல்கலைக்கழகங்களிலிருந்து ஆண்டுதோறும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் வெளிவரும் நாடு அமெரிக்கா. ஆள் பஞ்சமோ திறமைப் பஞ்சமோ காரணமாக இருக்க முடியாது. பருவம் தவறினால் தாங்கிப்பிடிக்க வலுவான அமைப்பு இல்லை என்பதே குறை. ஜப்பானில் டொயோட்டா, ஹோண்டா, ஹிட்டாச்சி போன்ற நிறுவனங்கள் நெடுங்காலமாகத் தமக்கென அணிகள் வைத்திருக்கின்றன. 2022இல் தொடங்கிய ஜேடி லீக் அந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தது.

2. பெங்களூருவின் இரு காலங்கள்

அதே 1976இல், அக்டோபர் 31 அன்று, இந்திய மகளிர் அணி தன் முதல் டெஸ்டை மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகப் பெங்களூரு சின்னசாமி அரங்கில் ஆடத் தொடங்கியது. தலைவி, சென்னையில் பிறந்து பெங்களூருவில் வளர்ந்த சாந்தா ரங்கசாமி. அடுத்த ஜனவரியில் நியூசிலாந்தின் டனீடினில் அவர் எடுத்த 108 ரன், டெஸ்டில் இந்தியப் பெண் ஒருவரின் முதல் சதம். அந்தத் தலைமுறைக்கு ஆட்டத்தால் வருமானம் இல்லை. 1973இல் உருவான மகளிர் கிரிக்கெட் சங்கம் பிசிசிஐயுடன் இணைந்தது 2006இல்தான். இடைப்பட்ட காலத்திலும் அதன் பிறகும் பலரை ஆட்டத்தில் நிறுத்தி வைத்தது ரயில்வே வேலை. மிதாலி ராஜ், ஹர்மன்பிரீத் கவுர் இருவருமே ரயில்வேயில் பணியாற்றியவர்கள்.

2023இல் மகளிர் பிரீமியர் லீக் வந்தது. ஐந்து அணிகளின் பத்தாண்டு உரிமம் 4669.99 கோடி ரூபாய்க்குப் போனது. பெங்களூரு அணியின் பங்கு 901 கோடி, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 90 கோடி. அந்த ஆண்டு வீராங்கனைகளை வாங்க ஓர் அணிக்கு அனுமதித்த உச்சவரம்பு 12 கோடி. உரிமத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஊதியமாகச் சென்றது சுமார் 13 ரூபாய். ஏலத்தில் விலைபோனவர்கள் 87 பேர். ஸ்மிருதி மந்தனாவுக்கு 3.40 கோடி, பெங்களூருவைச் சேர்ந்த ஸ்ரேயங்கா பாட்டீலுக்கு அடிப்படை விலையான 10 லட்சம்.

அந்த ஸ்ரேயங்கா 2024 மார்ச் 17 இறுதியாட்டத்தில் 12 ரன்னுக்கு நான்கு விக்கெட் எடுத்தார். விக்கெட் இழப்பின்றி 64 ரன்னில் இருந்த டெல்லி 113இல் சுருண்டது, கோப்பை பெங்களூருவுக்கு. அதே பருவத்தின் தொடக்கத்தில், சின்னசாமியில் உத்தரப் பிரதேச அணிக்கு எதிராக ஆஷா சோபனா ஐந்து விக்கெட் எடுக்க, பெங்களூரு இரண்டு ரன்னில் தப்பியது. திருவனந்தபுரத்துக்காரரான அவருக்கு அப்போது வயது 32. அவரும் 10 லட்சத்துக்கு வாங்கப்பட்டவர். இந்த லீக் வருவதற்கு முன்பே ரயில்வே அணிக்கும் புதுச்சேரிக்கும் ஆடிப் பழகிய கை அது. லீக் அவரை உலகுக்குக் காட்டியது. அதுவரை காத்துவைத்தது உள்நாட்டு ஆட்டம்.

3. மறுப்பும் விடையும்

உரிமத் தொகை பிசிசிஐக்குச் செல்கிறது, அது கீழ்மட்டக் கிரிக்கெட்டுக்குத் திரும்புகிறது, எனவே 13 சதவீதக் கணக்கு முழு உண்மையைச் சொல்லாது என்று மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. உள்நாட்டு மூத்த மகளிர் ஆட்டத்துக்கான நாள் ஊதியம் 2021இல் 20,000 ரூபாயாகவும், 2025 டிசம்பரில் 50,000 ஆகவும் உயர்ந்தது. எனினும் இதுவும் ஆடிய நாளுக்கான கூலிதான். முழங்கால் காயத்தால் ஒரு பருவம் வெளியே உட்கார்ந்தால் கணக்கு பூஜ்யம். அமெரிக்க லீக்குகளுக்கு வந்த முடிவு இங்கே லீக்குக்கு வராது. பிசிசிஐயின் பணபலம் அதைக் காக்கும். லீக் அணிகளின் பட்டியலுக்கு வெளியே நிற்கும் வீராங்கனைக்கு அந்தக் காப்பு இல்லை.

ஆகவே அடுத்த சீர்திருத்தம் ஏல வரம்பை உயர்த்துவதாக இருக்க வேண்டியதில்லை. மாநில அணி அளவில், காயத்தையும் மகப்பேற்றையும் உள்ளடக்கிய ஆண்டு ஒப்பந்தங்கள் வேண்டும். உரிமத் தொகையில் ஒரு நிலையான பங்கை அதற்கென ஒதுக்க வேண்டும். இருபது வயதுப் பெண்ணொருத்தி வேறு வேலை தேடாமல் முப்பது வயது வரை ஆட முடிகிற நாளில்தான் மகளிர் கிரிக்கெட்டைத் தொழில் என்று சொல்ல முடியும்.