திரைக்குப் பின்னே கிடா: ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் புலால் மறுப்பின் போக்கு

கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாநிலத்தில் 1950-இல் நிறைவேறியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த காந்தியவாதி பி.எஸ். குமாரசாமி ராஜா. 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை ஆட்சி நடத்திய அவர், தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். சட்டத்தின் வாசகம் தெளிவானது. கோயிலிலோ அதன் சுற்றுப்புறத்திலோ உயிர்ப்பலி இடக்கூடாது, அதை முன்னின்று நடத்தக்கூடாது, அதற்கு இடங்கொடுக்கவும் கூடாது. ஆனால் அதே ஆட்டைக் கறிக்கடையில் அறுப்பதையும், வீட்டில் குழம்பு வைப்பதையும், திருமணப் பந்தியில் பரிமாறுவதையும் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. சாமிக்கு முன்னால் வெட்டினால் குற்றம். சாமியைக் கடந்து நாலு தெரு தள்ளி வெட்டினால் வியாபாரம். புலால் மறுப்பு என்னும் பழைய அறம் நவீனச் சட்டமாக மாறும்போது எங்கே சுருங்கியது என்பதை இந்த வேறுபாடு காட்டிவிடுகிறது. உண்பவனைப் பற்றிய கேள்வியாகத் தமிழில் தொடங்கிய ஒன்று, காலப்போக்கில் படைப்பவனைப் பற்றிய கேள்வியாகத் திரிந்தது என்பதும், இந்த வட்டாரத்தில் அது ஓரளவேனும் பலித்த இடம் சட்டத்தில் இல்லை, நோன்பில் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பழைய நூல்களில் இந்த விவாதம் இன்று மேடைகளில் கேட்பதைவிடக் கூர்மையாக நடந்திருக்கிறது. திருக்குறளின் 26-ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். அதில் வள்ளுவர் எடுத்துக்கொள்ளும் மிக வலுவான நியாயம் வாங்குபவனைப் பற்றியது: தின்பதற்கென்று உலகம் கொல்லாதிருந்தால் விலைக்கு ஊன் விற்பவர் இருக்கமாட்டார் என்கிறார். நான் கொல்லவில்லை, கொன்றதை வாங்கினேன் என்னும் வாதம் அங்கேயே அடைபட்டுவிடுகிறது. நீலகேசியின் ஆசிரியரும் பௌத்தரோடு வாதிடும்போது இதே முடிச்சைத்தான் பிடிக்கிறார். வேறொருவர் கொன்றதை உண்பதில் வினையில்லை என்பதை அந்தச் சமண நூல் ஒப்பவில்லை. வள்ளுவர் இன்னொன்றும் சொல்கிறார்: நெய் சொரிந்து ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று உண்ணாதிருப்பது நல்லது. வேள்வியும் உணவும் அவருக்கு ஒரே தராசில் நிற்பவை. 1950-இன் சட்டம் அந்தத் தராசில் ஒரு தட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டது.

பலிக்கு மாற்று என்ன என்பதிலும் சமண நூல்களுக்குள் ஒரு சுவையான முரண் உண்டு. நீலகேசியின் தொடக்கத்தில் காளிக்குப் பலியிட வந்தவர்களிடம் ஒரு முனிவர், விலங்குகளுக்குப் பதிலாக மண்ணால் செய்த உருவங்களை வையுங்கள் என்கிறார். கதை அதை ஏற்றுக்கொள்கிறது. யசோதர காவியமோ மாவினால் செய்த கோழியைப் பலியிட்டவர்களைக்கூட விடவில்லை. வெட்டும் எண்ணத்தோடு வெட்டியதால், பிறவி பிறவியாக அவர்கள் துன்புறுகிறார்கள். இன்றைக்கு வாசலில் குங்குமம் தடவி உடைக்கும் பூசணிக்காய் இந்த இரண்டு நூல்களில் எதன் பக்கம் நிற்கிறது என்று கேட்டால் விடை எளிதாக இல்லை.

நடைமுறை பற்றிய கேள்வியைத் தமிழில் நேராக எதிர்கொண்ட இடம் மணிமேகலை. கப்பல் உடைந்து நாகர் மலையில் கரையேறிய சாதுவன், கள்ளும் ஊனும் தவிர வேறு வாழ்வறியாத நாகர் தலைவனிடம் வினைப்பயனைப் பற்றிப் பேசுகிறான். கேட்ட தலைவன், எங்களால் செய்யக்கூடிய அறத்தைச் சொல் என்கிறான். சாதுவன் முழுத் துறவைச் சுமத்தவில்லை. கப்பல் உடைந்து வருபவர்களைக் கொல்லாதீர்கள். மூத்து இறந்த விலங்கை உண்ணலாம், வேறெந்த உயிரையும் உணவுக்காகக் கொல்லாதீர்கள் என்று நிறுத்திக்கொள்கிறான். கேட்பவனுக்கு எது முடியும் என்று அளந்து சொன்ன அறம் இது. இந்த அளவறிவைப் பிற்காலச் சீர்திருத்தம் பெரும்பாலும் தொலைத்துவிட்டது.

இப்போது நிலத்துக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் இருக்கிறது. கிழக்கே சாத்தூர்ப் பக்கம் இருக்கன்குடி மாரியம்மன். நடுவே ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயியும் ஆண்டாளும். தென்மாவட்டங்களின் வழக்கில் அய்யனார் சைவப் படையல் ஏற்பவர். அவருடைய பரிவாரமான கருப்பசாமிக்குக் கிடா. கிடா வெட்டும் நேரத்தில் அய்யனார் சந்நிதிக்குத் திரை போடுவது பல ஊர்களில் இன்றும் உள்ள முறை. சாமி பார்க்கக்கூடாது என்பது காரணம். ஒரே வளாகத்துக்குள் புலால் உண்ணாத தெய்வமும் உண்ணும் தெய்வமும் ஒரு துணியின் இரு பக்கங்களில் குடியிருக்க முடிகிறது. இதைப் போலித்தனம் என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அது சண்டையின்றி எட்டிய உடன்பாடாகவே தெரிகிறது. ஆனால் அந்த உடன்பாட்டில் ஏற்றத்தாழ்வும் உள்ளே இருக்கிறது. திரைக்கு உட்பக்கம் உயர்வு, வெளிப்பக்கம் தாழ்வு. பெருமாள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் காய்கறிச் சாப்பாட்டுக் கடை ‘சைவம்’ என்றுதான் பலகை மாட்டும்; சமயத்தின் பெயர் சாப்பாட்டின் பெயராகி, அது மறுபடி மனிதரைத் தரம் பிரிக்கும் பெயராகிவிட்டது.

1950-இன் சட்டம் விழுந்தது இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான். அது தடுத்தது நேர்த்திக்கடனுக்காக ஆடு வளர்த்து, ஆண்டுக்கொரு முறை ஊர்கூடிப் பொங்கல் வைத்து, கறிச்சோற்றைப் பங்கிட்டு உண்பவர்களை. தினமும் கறிக்கடைக்குப் போகக்கூடியவரை அது தொடவில்லை. அரை நூற்றாண்டு அது பெரும்பாலும் ஏட்டில் கிடந்தது. 2003 ஆகஸ்ட் இறுதியில் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னபோது கிராமக் கோயில்களில் எழுந்த எதிர்ப்பு கடுமையானது. காவல்துறை பார்க்க, கிடாக்களைக் கட்டி வைத்துக்கொண்டு நின்ற மக்கள் கேட்டதெல்லாம், எங்கள் சாமிக்கு மட்டும் ஏன் என்பதே. 2004 தொடக்கத்தில் அவசரச் சட்டத்தால் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. விலங்கு வதைத் தடுப்புக்கான 1960-இன் மத்தியச் சட்டம்கூடத் தன் 28-ஆம் பிரிவில், சமயம் கோரும் முறையில் விலங்கைக் கொல்வது இச்சட்டப்படி குற்றமாகாது என்று விலக்களிக்கிறது. 1950-இன் சட்டம் நிறைவேறியபோது முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். அதைப் பலித்தடையோடு முடிச்சுப் போடுவது தவறு. அன்றைய வாக்காளர்களை வாட்டியது அரிசித் தட்டுப்பாடும் பங்கீட்டுக் கட்டுப்பாடும். எதை விலக்குவது என்று சட்டமன்றம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் எது கிடைக்கும் என்று ஊர் தவித்துக்கொண்டிருந்தது என்பது மட்டும் நினைவில் நிற்க வேண்டிய செய்தி.

இந்தச் சட்டத் தடைக்கு நேர்மாறான ஒரு மரபு அதே ஸ்ரீவில்லிபுத்தூரில் உருவானது. ஆண்டாளின் திருப்பாவையில் இரண்டாம் பாசுரத்தில் நோன்பு நோற்கும் ஆயர் பெண்கள் விலக்குவது புலாலை அல்ல. அவர்களுடைய அன்றாட உணவாகிய நெய்யையும் பாலையும். இருபத்தேழாம் பாசுரத்தில் நோன்பு முடிந்து, முழங்கை வழியே நெய் வழியும் பாற்சோறு வருகிறது. அந்த நாளைத்தான் கூடாரவல்லி என்று கோயில்கள் கொண்டாடுகின்றன. இங்கே விலக்கலுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. விலக்குபவர்கள் தாமே முன்வந்து விலக்குகிறார்கள். தமக்குப் பிடித்ததை விலக்குகிறார்கள். இந்த அமைப்புதான் புரட்டாசியிலும் தெரிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் குன்று நிறையக் கூட்டம். வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் மற்ற மாதங்களில் கறி உண்பவர்கள். 2014-இன் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் அசைவர். அந்த மாநிலத்தில்தான் ஒரு மாதம் முழுக்க ஏராளமான வீடுகளில் கவுச்சி சேர்ப்பதில்லை. நாமக்கல் முட்டையின் விலையும் கறிக்கோழி விலையும் இறங்குகின்றன. போலீஸ் இல்லாமல், அபராதம் இல்லாமல் இது நடக்கிறது. உண்ணாவிட்டால் விற்பாரில்லை என்ற வள்ளுவரின் கணக்கை ஆண்டுதோறும் சந்தை சரிபார்த்துச் சொல்கிறது.

இதற்கு உடனே வரும் மறுப்பு வலுவானது. புரட்டாசியில் கறி விலக்குபவர் தம் தூய்மைக்காக விலக்குகிறார், ஆட்டுக்காக அல்ல. ஐப்பசி பிறந்து தீபாவளி வந்தால் கறிக்கடையில் வரிசை பழையபடி நீள்கிறது. உண்மைதான். வள்ளுவர் சொன்ன காரணம் உயிரின் வலி. விரதக்காரரின் காரணம் பெருமாள். ஆனால் காரணம் வேறாக இருப்பதால் பழக்கம் பயனற்றதாகாது. ஒரு மாதம் கறியின்றி வீடு நடத்தத் தெரிந்த சமையலறைக்குப் பருப்பும் பயறும் கொண்டு பந்தி நிரப்பத் தெரியும். குழந்தைகள் அதை உண்ணப் பழகியிருக்கிறார்கள். கணவனும் மனைவியும் அதைப் பற்றிச் சண்டையிடுவதில்லை. புலால் மறுக்க நினைக்கும் ஒருவருக்கு மேலைநாட்டுப் புத்தகங்கள் எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் கிடைக்காத பயிற்சி இது. குறளில் காரணம் இருக்கிறது, வழக்கம் இல்லை. புரட்டாசியில் வழக்கம் இருக்கிறது, காரணம் இல்லை. இரண்டும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

அடுத்தது சாதி பற்றிய மறுப்பு. புலால் மறுப்பு உயர்வுக்கு அடையாளமாகவும், மாட்டிறைச்சி தாழ்வுக்கு அடையாளமாகவும் பயன்பட்ட வரலாற்றை அம்பேத்கர் 1948-இல் தீண்டாமை பற்றி எழுதிய நூலில் விரிவாகப் பேசினார். இந்த மறுப்பை எதிர்த்து வாதிட எனக்கு விருப்பமில்லை. அதை ஏற்றுக்கொண்டுதான் மேலே போகவேண்டும். ஒருவர் தம் தட்டைப் பற்றி எடுக்கும் முடிவு அறமாகலாம். அதே முடிவை இன்னொருவரின் தட்டின் மேல், அதுவும் தமக்குக் கீழே இருப்பவரின் தட்டின் மேல் எடுத்தால் அது அதிகாரம். வள்ளலார் கொலையும் புலையும் தவிர்த்தவரை அகவினத்தார் என்றும் மற்றவரைப் புறவினத்தார் என்றும் கறாராகப் பிரித்தவர். ஆனால் 1867-இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையின் சோறு பசித்து வந்த எல்லோருக்குமானது. உணவுக் கொள்கையில் அவ்வளவு கடுமையானவர் பசிக்கு முன்னால் அதைத் தளர்த்தினார். பள்ளிச் சத்துணவில் 1989-இல் நுழைந்து, 2010 முதல் வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்த முட்டையைப் பற்றிய விவாதங்களுக்கு இது நல்ல அளவுகோல். முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. உண்ணும் குழந்தையின் முட்டையை எடுத்துவிட எந்த விரதக்காரருக்கும் உரிமை இல்லை. செடிகளில் பி12 கிடைப்பதில்லை என்பதும், பருப்பு விலை ஏறினால் முதலில் குறைவது ஏழை வீட்டுச் சாம்பார்தான் என்பதும் அறவாதிகள் கணக்கில் வைக்கவேண்டிய உண்மைகள்.

செடிக்கும் உயிருண்டே என்ற வாதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றும் விலங்கை ஐயறிவுயிர் என்றும் வைத்தது. வேறுபாடு தெரிந்துதான் தமிழர் பேசினார்கள். அதைவிடக் கடினமானது மானாவாரி நிலத்தின் வாதம். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் மழை பொய்த்த ஆண்டில் சம்சாரி எனப்படும் உழவருக்கு வங்கி ஆட்டுப்பட்டிதான். அறுவடை முடிந்த காட்டில் கிடை போட்டால் உரம், பெட்டை பெருகும், கிடா விற்றால் பள்ளிக் கட்டணமோ கல்யாணச் செலவோ தீரும். கிடாவை யாரும் உண்ணாவிட்டால் இந்தப் பொருளாதாரம் எப்படி நிற்கும் என்பதற்குக் குறளில் விடை கிடையாது. ஆனால் இன்று தமிழ்நாட்டுத் தட்டில் விழும் இறைச்சியில் பெரும்பங்கு, ஆட்டுக்கிடைக்கும் கரிசலுக்கும் தொடர்பில்லாத கறிக்கோழி. கொட்டகையில் ஐந்தாறு வாரம் தீவனம் தின்று எடை போட்டு வண்டி ஏறும் அந்தக் கோழிக்குச் சாமியும் இல்லை, சம்சாரியும் இல்லை. விலக்கத் தொடங்குபவருக்கு நியாயமான தொடக்கப் புள்ளி அதுதான் என்பது என் முடிவு. ஊர்க்கோயிலில் ஆண்டுக்கொரு முறை வெட்டப்படும் கிடாவை எதிர்ப்பவர் ஞாயிறுதோறும் கறிக்கோழி வாங்குபவராக இருந்தால் அவருடைய வாதம் நிற்காது.

கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கே உரிய சிக்கல் ஒன்று. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊர் இது. பால் மாடு கறக்கவேண்டுமானால் கன்று ஈனவேண்டும். ஈனும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி காளைக் கன்று. டிராக்டர் வந்தபின் உழவுக்கு அவை தேவைப்படுவதில்லை. கறவை நின்ற மாட்டுக்கும் இதே கதி. பத்து வயது கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டைச் சான்றிதழோடு அறுக்கலாம் என்று தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கிறது. பாலையும் இறைச்சியையும் பிரிக்கும் திரை, அய்யனார் சந்நிதியின் திரையைவிடத் தடிமனானது அல்ல. சைவம் என்று நம்பி வாங்கும் கால் கிலோ பால்கோவாவுக்குப் பின்னாலும் ஒரு கன்று நிற்கிறது. ஆண்டாளின் தோழியர் மார்கழியில் விலக்கியது பாலை என்பதை அவ்வூர்க்காரர்கள் ஆண்டுதோறும் அதிகாலையில் பாடித்தான் வருகிறார்கள்.