லூட் (ஆங்கிலச் சொல்)

லூட் என்பது கொள்ளையிடுதலையும் கொள்ளைப் பொருளையும் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும். வினையாகவும் பெயராகவும் வழங்கும் இச்சொல், இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது.

சொற்பிறப்பு

இந்தியில் கொள்ளையைக் குறிக்கும் 'லூட்' என்பதே இதன் மூலம். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையினரும் அலுவலர்களும் 18ஆம் நூற்றாண்டில் இதைப் பேச்சில் எடுத்துக்கொண்டனர். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் இச்சொல்லைப் பதிவு செய்துள்ளது. அதன் ஆசிரியர்கள் ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் ஆகியோர். இவர்களுள் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். சீனப் போர், கிரீமியப் போர் (1853–1856), 1857 இந்தியக் கிளர்ச்சி ஆகியவற்றின் காலத்தில் இச்சொல் இங்கிலாந்திலும் பரவியது என்பது அந்நூல் தரும் செய்தி.

பொருள் வேறுபாடு

திருட்டைக் குறிக்கும் ஆங்கில வினைகள் பல உள்ளன. 'ஸ்டீல்' என்பது பெரும்பாலும் பிறர் அறியாமல் எடுப்பது. 'ராப்' என்பது ஆளை அச்சுறுத்தியோ தாக்கியோ பறிப்பது. 'லூட்' என்பது போர், கலவரம், பேரிடர் போன்ற வேளைகளில், காவல் குலைந்த இடத்தில் பலர் புகுந்து வாரிச் செல்வது. தமிழில் களவு, வழிப்பறி, சூறையாடல் ஆகியவை ஏறத்தாழ இவற்றுக்கு ஒப்பானவை.

வரலாற்றில்

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் இறந்தார். அன்றிரவு படையினர் நகரைச் சூறையாடினர். பின்னர் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, கொள்ளையிட்டோர் சிலரைத் தூக்கிலிட்டு ஒழுங்கை மீட்டார். ஆனால் அரண்மனைக் கருவூலம் 'பரிசுப் பொருள்' என்ற பெயரில் கணக்கிடப்பட்டு, பதவி வரிசைப்படி படையினருக்குப் பங்கிடப்பட்டது. திப்புவின் அரியணையும் துண்டு துண்டாக்கப்பட்டது. தனி ஆள் எடுத்தால் குற்றம், படையே எடுத்துப் பங்கிட்டால் உரிமை என்பதே அன்றைய நடைமுறை. அங்கிருந்து கொண்டு செல்லப்பட்ட 'திப்புவின் புலி' என்னும் இயந்திரப் பொம்மை இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

1860இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் கோடைகால அரண்மனையைச் சூறையாடின. அங்குக் கிடைத்த சிறு நாய் ஒன்று விக்டோரியா அரசியிடம் அளிக்கப்பட்டது. அதற்கு இடப்பட்ட பெயர் 'லூட்டி'. கொள்ளையை மறைக்க வேண்டிய செயலாக அக்காலம் கருதவில்லை என்பதற்கு இப்பெயரே சான்று.

இன்றைய வழக்கு

1907 ஹேக் உடன்படிக்கை போரில் கொள்ளையிடுவதைத் தடை செய்தது. 2003இல் பாக்தாத் அருங்காட்சியகத்தில் நடந்த கொள்ளை பற்றிய செய்திகளில் இச்சொல் மீண்டும் உலகெங்கும் ஒலித்தது. பேச்சு வழக்கில் பணத்தையும், கணினி விளையாட்டுகளில் வென்றெடுக்கும் பொருள்களையும் இது குறிக்கிறது. அருங்காட்சியகப் பொருள்களைத் திருப்பித் தரக் கோருவோர் 'பரிசு' என்ற பழைய பெயரை ஏற்பதில்லை. அவற்றை 'லூட்' என்றே குறிப்பிடுகின்றனர்.